கஞ்சித் தொட்டித் தண்ணீர்

நான் கடைசியாக வேலை பார்த்த சாயப்பட்டறையில் இப்போது தண்ணீரைச் சோதிக்க ஒரு கருவி வாங்கியிருக்கிறார்கள். பேனா போல இருக்கிறது. நுனியைத் தொட்டிக்குள் விட்டால் எண் தெரிகிறது. பொங்கல் சமயம் அந்தப் பக்கம் போனபோது எனக்கும் காட்டினார்கள். லேப் பொறுப்பில் இருக்கிற இளைஞர், "இது இல்லாம அந்தக் காலத்துல எப்படிப் பாத்தீங்க பெரியவரே?" என்று கேட்டார். நாக்கால் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பிறகு, தொழிலாளர் மலருக்கு அதையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. நாக்கைப் பற்றி எழுதுவதென்றால் மாராத்தாளைப் பற்றியும் அவளுடைய மாடுகளைப் பற்றியும் எழுதாமல் முடியாது. ஆகையால் கொஞ்சம் நீளும்.

என் ஊர் போடிநாயக்கனூருக்குப் பக்கம். பள்ளிக்கூடத்தில் உட்கார முடியாமல் ஓடினேன். அப்புறம் எந்த ஊரிலும் உட்கார முடியவில்லை. ஓட்டலில் இலை எடுத்தேன், ஏலக்காய் மூட்டை சுமந்தேன், லாரியில் கிளீனராக இருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டு ராவுத்தர் ஒருவரிடம் சேர்ந்தேன். ஜவுளி வியாபாரி. எஸ்டேட்டில் சம்பளம் போடுகிற நாள் பார்த்து, போடிமெட்டு வழியாகத் துணி மூட்டையை மலைக்கு ஏற்றி, தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளின் முன்னால் விரிப்போம். விரிப்பது நான். விலை சொல்வது அவர்.

நான் போன புதிதில் லயத்துப் பெண்களுக்கு உள்பாவாடை என்றால் வெள்ளை, இல்லாவிட்டால் காவி. எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச காலத்தில் சேலை நிறத்துக்கு ஏற்ற பாவாடை, அதற்கு ஏற்ற ரவிக்கைத் துண்டு என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டதில் தப்பில்லை. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மழையில் கொழுந்து கிள்ளுகிறவர்கள், திருவிழா அன்றைக்காவது நிறமாக நிற்க ஆசைப்பட்டார்கள். ஒரு முறை ஒரு பெண் பழைய பாவாடையைக் கொண்டுவந்து ராவுத்தர் முன்னால் போட்டாள்.

"ஏன் மொதலாளி, ஒரே அலசு. ஓடை பூராச் செவப்பு, பாவாடை வெளுப்பு. நான் காசு குடுத்தது எனக்குத் துணி எடுக்கவா, ஓடைக்கா?"

லயமே சிரித்தது. ராவுத்தரும் சிரித்துக்கொண்டே வேறு பாவாடை எடுத்துக் கொடுத்தார். மலை இறங்கும்போது முகம் மாறிவிட்டது. "சாயப்பட்டறையை மாத்தணும்டா" என்றார். அப்படி மாற்றிய பட்டறை பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே இருந்தது. துணியைக் கொடுக்கவும் வாங்கவும் நான் போய் வந்தேன். ராவுத்தருக்கு மூச்சு வாங்கத் தொடங்கி மலையேற்றம் நின்றபோது, அந்தப் பட்டறையிலேயே என்னைச் சேர்த்துவிட்டார். "நடக்கறதுல நீ கெட்டிக்காரன். இனி நிக்கவும் பழகிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். இப்போது அது இல்லை. முதலாளி கோயம்புத்தூரில் இருந்தார். நிலமும் தண்ணீரும் மலிவு என்று கேரள எல்லை தாண்டி வந்து கட்டியிருந்தார். பெரிய கிணறு வெட்டி மோட்டார் வைத்திருந்தது. தறியிலிருந்து இறங்கின காடா துணி வாளையார் வழியாக லாரியில் வரும். அட்டை மாதிரி விறைப்பாக, அழுக்கு மஞ்சளாக இருக்கும். அதைப் பாவாடைத் துணியாக்கி அனுப்புவது எங்கள் வேலை.

வேலையை ஒழுங்காகச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். தறியில் இழை அறாமல் இருக்க நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். கிழங்கு மாவுக் கஞ்சியில் கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பும் சேர்ப்பார்கள். அந்தக் கஞ்சி போனால்தான் சாயம் பிடிக்கும். அதனால் வந்த துணியை முனைக்கு முனை தைத்து, முதல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கி ஒரு நாள் முழுக்க ஊறவிடுவோம். கஞ்சி புளித்துக் கரையும். அது கஞ்சித் தொட்டி. அடுத்தது காஸ்டிக் சோடாவில் வேகவைப்பது. அந்தத் தண்ணீர் கடுந்தேநீர் போல வரும். அப்புறம் பிளீச்சிங். மூக்கு எரியும். அந்த மருந்து போக லேசான ஆசிட்டில் ஓர் அலசல். அதற்குப் பிறகுதான் சாயத் தொட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அலசல், அலசல், அலசல். ஒரு பாவாடைத் துணிக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. மோட்டார் ஓடியது, தண்ணீர் வந்தது.

எல்லாம் பின்பக்க மடை வழியாக ஓடையில் இறங்கி, வயல் பக்கம் போகும். சாயத் தண்ணீர் போனால் மட்டும் வயற்காரர்கள் மண்வெட்டியோடு வருவார்கள். பச்சையோ சிவப்போ கண்ணில் பட்டால் சண்டை. அதற்காகச் சாயத் தண்ணீரைத் தேக்க ஒரு குழி வெட்டியிருந்தது. காஸ்டிக் தண்ணீர், பிளீச்சிங் தண்ணீர், ஆசிட் அலசின தண்ணீர் எல்லாம் தினமும் போகும். அதற்கு யாரும் வந்ததில்லை.

கஞ்சித் தொட்டித் தண்ணீர் மட்டும் ஓடைக்குப் போகாது. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அது அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு. மாட்டுக்கு வைக்கிற புளித்த கஞ்சிதான் அது. கேட்டுக்குப் பக்கத்தில் மதில் வழியாக ஒரு குழாய் விட்டிருந்தோம். காலையில் நான் உள்ளே குழாயின் திருகைத் திறப்பேன். வெளியே குடம், தகர டின், பானை என்று வரிசை நிற்கும்.

வரிசையில் முதல் ஆள் மாராத்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் லாரியில் சுமை இறக்கும்போது இடுப்பில் அடிபட்டு வீட்டோடு கிடந்தார். இரண்டு மாடு வைத்திருந்தாள். பெரியது கறவை, சின்னது கிடாரி. சொசைட்டிக்கு ஊற்றுகிற பாலில்தான் அடுப்பு எரிந்தது. வாய் நீளம். குழாய் திறக்கக் கொஞ்சம் தாமதித்தால் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"ஏந் தம்பி, தூங்கிப்போட்டயா? மாடு என்னையத் திங்கறாப்பல பாக்குது."

"வருதுக்கா. துணி ஊறணும்ல?"

"துணி ஊறுது, நீயும் ஊறிக் கெடக்கறே. தொறப்பா."

இனி மாஸ்டர். சாயம் போடுகிறவரை எங்கள் தொழிலில் மாஸ்டர் என்போம். எங்கள் மாஸ்டர் வைத்தியநாதன், கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். முதல் பஸ்ஸில் வருவார். நெற்றியில் விபூதி, கையில் குடை, தோள் பையில் சாப்பாடும் தண்ணீர்த் தூக்கும். பட்டறையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒவ்வொரு தொட்டியாகப் போவார். காஸ்டிக் தொட்டியென்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நனைத்துத் தேய்த்துப் பார்ப்பார். வழுவழுப்பு எவ்வளவு என்பதில் பலம் தெரியும். மற்றத் தொட்டிகளில் விரல் நுனியை நனைத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். தலையைப் பக்கவாட்டில் திருப்பித் துப்புவார். மறுபடி துப்புவார். பிறகு தூக்கிலிருந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்புவார். அப்புறம்தான் வாய் திறந்து, "உப்புப் போராது. இன்னும் அரை மூட்டை போடு" என்பார். தப்பாது.

எனக்கும் அதைப் பழக்கினார். "நாக்கு நுனி, அவ்வளவுதான். முழுங்கப்படாது, கேட்டியா? எச்சிலைக்கூட முழுங்கப்படாது. இதெல்லாம் விஷமாக்கும்."

ஒரே ஒரு தொட்டியை அவர் தொட மாட்டார். கஞ்சித் தொட்டி. ஏன் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"அதுலே ஆட்டுக் கொழுப்பு இருக்கேடா. மத்தது விஷம், தொடலாம். இது மாம்சமாக்கும்."

வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவருக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. அவர் எல்லாத் தொட்டியையும் நாக்கில் வைத்துப் பார்ப்பார், கஞ்சியை மட்டும் தொட மாட்டார் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். பெண்கள் அதை மரியாதையாகவே பேசிக்கொள்வார்கள். துப்புவது அந்தப் பேச்சில் வராது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை.

ஒரு வருஷம் மாசி கடந்ததும் வேலை பெருகியது. கடைக்காரர்கள் ஒரே பாவாடைத் துணியை இருபது நிறத்தில் கேட்டார்கள். கிழிந்ததற்காக வாங்குவது போய், நிறம் சேரவில்லை என்று வாங்குவது வந்துவிட்டது. முதலாளி புது மெஷின் இறக்கினார். புதிதாக ஒரு மேனேஜரும் வந்தார். கஞ்சித் தொட்டியில் துணி ஒரு நாள் முழுக்கக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. "இதைச் சுருக்க வழியில்லீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார். வழி இருந்தது. தொட்டியில் கொஞ்சம் கந்தக ஆசிட் ஊற்றினால் கஞ்சி சீக்கிரம் கரைந்துவிடும். வைக்கோல் சுற்றின கண்ணாடி ஜாடிகளில் ஆசிட் முன்னைவிட நிறைய வந்து இறங்கியது. தூக்கிக்கொண்டு போய் ஊற்றியது நான்தான்.

முதல் நாளே மாஸ்டர் சொல்லிவிட்டார். "குழாயை மூடு. இனிமே அவாளுக்குக் கஞ்சி கொடுக்கப்படாது."

மூடினேன். அடுத்த நாள் காலையில் மதிலுக்கு வெளியே கலவரம். கோடை வந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. பக்கத்துக் கிணறுகளில் அடிப்பாறை தெரிந்தது. எங்கள் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தவிடு வாங்க வழியில்லாத வீடுகளில் அந்தக் கஞ்சிதான் மாட்டுக்குத் தீனி, அதுதான் தண்ணீர். மேனேஜர் கேட்டுக்குப் போனார். மாராத்தாள்தான் பேசினாள்.

"எங்க கெணத்துத் தண்ணியெல்லாம் உங்க மோட்டாரு உறிஞ்சிப்போடுச்சுங்க. போச்சாதுன்னு உட்டுட்டோம். இப்ப கஞ்சியும் இல்லீங்களா? அது என்னங்க நாயம்?"

"கஞ்சி நல்லால்லீங்க அம்மா. வேண்டாம்."

"நேத்து வரைக்கும் நல்லாருந்துச்சு, இன்னைக்குக் கெட்டுப்போச்சா? வேற ஆருக்காச்சும் விக்கறீங்களா?"

மேனேஜர் திரும்பி வந்தார். அறைக்குள் மாஸ்டரோடு பேசியது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

"அதுலே ஆசிட் சேர்த்திருக்கு. சொல்லிட வேண்டியதுதானே" என்றார் மாஸ்டர்.

"சொல்லலாமுங்க. இதே ஆசிட்டை அலசி ஓடையில உடறோமே, அதுல என்ன இருக்குன்னு அடுத்த கேள்வி வருமுங்க. வயக்காட்டுல இருந்து அத்தனை பேரும் வந்து மடையை அடைச்சா நீங்களும் நானும் எங்க போறது? அத்தனை பெரிய தொட்டிக்கு எத்தனை ஆசிட் ஊத்தறீங்க? நாம எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிக்கறதில்லீங்களா? கேக்கறதைக் குடுத்துத் தொலைங்க."

மாஸ்டர், "என் தலையிலே போடாதேங்கோ" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் குழாயைத் திறக்கச் சொல்லி மேனேஜரே வந்து சொன்னார். வெளியே பெண்கள் ஜெயித்த மாதிரி சிரித்துக்கொண்டு குடம் நிரப்பினார்கள். கஞ்சி முன்னே இருந்ததைப் போலவே வெளுப்பாக இருந்தது. புளித்த கஞ்சிக்கும் ஆசிட் கஞ்சிக்கும் வாடையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் புளிப்புதான்.

சித்திரையில் மாராத்தாளின் பெரிய மாடு தீனி எடுக்காமல் நின்றது. வாயில் நுரை தள்ளியது. சாணம் கருப்பாகப் போட்டது. சொசைட்டி மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். ஒரு வாரம் எழுந்து நிற்க முயன்றுகொண்டே இருந்துவிட்டுச் செத்தது. வேறு வீடுகளிலும் மாடுகள் இளைத்தன. ஆனால் மாராத்தாளைப் போல நிறைய ஊற்றுகிறவர்கள் இல்லை. வரிசையில் முதல் ஆள் அவள்.

சின்ன மாடு அப்போது முதல் சினை. இனி அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான்.

மாடு செத்த சில நாளில், காலையில், வரிசை கலையவில்லை. பெண்கள் கேட்டில் நின்றார்கள். மாராத்தாள் அன்று பிடித்த கஞ்சிக் குடத்தைத் தரையில் வைத்துக்கொண்டு பஸ் வரும் பாதையைப் பார்த்து நின்றாள். மேனேஜரும் வந்துவிட்டார். மாஸ்டர் குடையை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தார்.

"ஏனுங்க சாமி, ஒரு நாயம் கேக்கோணும்."

"எந்தா மாராத்தா?"

"பெரிய மாடு போச்சுங்க."

"கேட்டேன். கஷ்டமாக்கும்."

"டாக்டரு தீனியில என்னமோ இருந்திருக்கும்ங்கறாரு. நான் வைக்கப்புல்லும் இந்தக் கஞ்சியுந்தானுங்க போட்டேன். வேறெதும் இல்லீங்க. சின்னது சினையா நிக்குது. இதை ஊத்தட்டுமா, வேண்டாமா? அது மட்டும் சொல்லிப்போடுங்க. வேண்டாம்னா இங்கயே கொட்டிப்போட்டுப் போறேன். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

மேனேஜர் குறுக்கே வந்தார். "மாடு சாகறதுக்கு ஆயிரம் காரணம் இருக்குதம்மா."

"உங்களைக் கேக்கலீங்க. சாமி எத்தனை தொட்டியை நாக்குல வெச்சுப் பாத்தவரு. இதையும் ஒரு சொட்டு வெச்சுப் பாத்துச் சொல்லட்டும்."

பக்கத்தில் நின்ற பெண் அவள் முந்தானையை இழுத்தாள். "அடியே, அவுங்க ஐயமாருடி. கஞ்சியில கொழுப்பு இருக்குது."

"தெரியும்டி. அதனாலதான் கேக்கறேன்."

மாஸ்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மாஸ்டரைப் பார்க்காமல் மதிலுக்கு அப்பால் வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் குடையை என் கையில் கொடுத்தார். குனிந்து குடத்தில் விரலை நனைத்தார். நாக்கில் வைத்தார். வழக்கம் போலக் கண்ணை மூடினார். தலையைத் திருப்புவார் என்று நான் பக்கவாட்டில் நகர்ந்தேன். அவர் திருப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது.

"புளிச்ச கஞ்சி. வேற ஒண்ணும் இல்லே" என்றார்.

மாராத்தாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இது போதுமுங்க சாமி" என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

மாஸ்டர் உள்ளே போய், பாய்லருக்குப் பின்னால் இருந்த குழாயடியில் உட்கார்ந்து விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுத்தார். வெறும் வயிறு. மஞ்சள் நீர்தான் வந்தது. நான் குடையோடு நின்றிருந்தேன்.

"மாஸ்டர், அந்த மாடு..." என்றேன்.

"போய் பாய்லரைப் பாரு" என்றார்.

அன்று மத்தியானம் நான் மாராத்தாளின் வீட்டுக்குப் போனேன். கிடாரி தொட்டியில் மூக்கை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. வயிறு இறங்கியிருந்தது.

"அக்கா, ஊத்தாதீங்க. அதுல ஆசிட் ஊத்துறோம். நான்தான் ஊத்துறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படீன்னா காலம்பர அத்தனை பேரு நின்னப்ப ஏன் சொல்லலே?"

"மேனேஜர் இருந்தார். இப்பச் சொல்றேன்ல."

"அந்தச் சாமி கொழுப்புக் கஞ்சியை நாக்குல வெச்சாரு தம்பி. ஒரு பொய்யுக்காகவா ஒருத்தரு ஆசாரத்தை உடுவாரு? எனக்காக உட்டாரு. நீ ஊரு ஊராத் திரியறவன். இன்னைக்கு இங்க இருப்பே, நாளைக்கு மேனேஜருகூடச் சண்டைன்னு வேற ஊருக்குப் போயிருவே."

"சண்டை ஒண்ணும் இல்லக்கா."

"செரி, ஊத்தலே. வேறென்ன ஊத்தட்டும்? கெணத்தை எட்டிப் பாரு. சினை மாட்டைத் தாகத்துல நிறுத்தச் சொல்றயா?"

கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் சேறு. எப்போதும் துப்புகிறவர் அன்று துப்பாததைச் சொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆசிட் என்ற ஒரு சொல்லே போதும் என்று நினைத்துப் போயிருந்தேன்.

வைகாசி கடைசியில் கிடாரி கன்று போட்டது. கன்று உயிரோடு வரவில்லை. மாடு அதற்குப் பிறகு எழவில்லை. வாளையார்ப் பக்கம் அடிமாடு ஏற்றிப்போகிற லாரிக்காரன் வந்து பார்த்து, நிற்காத மாட்டுக்கு என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுத்தான். பலகை வைத்து நாலு பேர் தள்ளி ஏற்றினார்கள். மாட்டை விற்றால் அதன் கயிற்றைக் கூடவே கொடுக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மாராத்தாள் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டாள். லாரிக்காரன் வேறு கயிறு கட்டினான். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மழை தொடங்கியதும் அவள் பட்டறைக்கு வேலை கேட்டு வந்தாள். மேனேஜர் உடனே சேர்த்துக்கொண்டார். ஈரத் துணியைத் தோளில் சுமந்து காயப்போடும் களத்துக்குக் கொண்டுபோகிற வேலை. புடவையை முழங்காலுக்கு மேல் செருகி, அந்த மாட்டுக் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தோள் நீலமாகிவிட்டது. காலில் விரலிடுக்கு வெந்து வெள்ளையாக இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. வாய் மட்டும் குறையவில்லை. "இந்த நீலத்துக்குப் பாவாடை எடுத்தாச் சேருமா பாரு தம்பி" என்று தோளைக் காட்டிச் சொல்வாள்.

மாஸ்டர் அந்தக் காலையிலிருந்து எந்தத் தொட்டியையும் நாக்கில் வைக்கவில்லை. வருவார், சட்டையை ஆணியில் மாட்டுவார், தொட்டிப் பக்கம் போய் நிற்பார். "நீ பார்த்துச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். நான் விரலை நனைத்து நாக்கில் வைத்து, துப்பிவிட்டுச் சொல்வேன். நான் சொன்னதைக் கேட்டு உப்பு, சோடா எவ்வளவு என்று முடிவு செய்வார். மாராத்தாள் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்புவார். அவளுக்கு அது பெரிய மனுஷரின் கூச்சமாகத் தெரிந்தது. தன் பொருட்டு ஆசாரம் கெட்டவர் என்று அவர் மேல் அவளுக்குத் தனி மரியாதை இருந்தது. அவர் போகும் வழியில் ஈரத் துணி சொட்டாமல் ஒதுங்கி நிற்பாள்.

ஒரு காலை மாஸ்டர் இன்னும் வரவில்லை. நான் சாயத் தொட்டியில் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கில் வைத்தேன். தலையைத் திருப்பித் துப்பினேன். மறுபடி துப்பினேன். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தேன். ஈரத் துணிச் சுமையோடு மாராத்தாள் பின்னால் நின்றிருந்தாள்.

"எதுக்கு இத்தனை தடவை துப்பறே?"

"முழுங்கக் கூடாதுக்கா. மருந்துத் தண்ணி. மாஸ்டர் அப்படித்தான் பழக்கிவிட்டார்."

"அவரும் துப்புவாரா?"

"எப்பவும். எச்சிலைக்கூட முழுங்க மாட்டார்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. தோளிலிருந்து நீலத் தண்ணீர் அவள் முழங்கை வழியாக இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. துணியைக் கீழே வைக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

"அன்னைக்கு அவரு தொண்டை ஏறி எறங்குச்சு" என்றாள். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஐயோ, முழுங்கறாரேன்னு சந்தோசப்பட்டேன் தம்பி. என்னைய நம்ப வெக்கத்தான் முழுங்கிக் காட்டியிருக்காரு."

அப்புறம் துணியைக் களத்துக்குக் கொண்டுபோய், உதறி, சுருக்கம் இல்லாமல் விரித்தாள்.

மறுநாள் காலை நான் திருகைத் திறந்தபோது மதில் குழாயில் தண்ணீர் போகவில்லை. வெளியே பெண்கள் சத்தம் போட்டார்கள். குழாய் வாயில் காடா துணியைக் கிட்டித்து அடைத்து, மேலே ஒரு மாட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. மேனேஜர் வந்து யார் வேலை என்று கத்தினார். மாராத்தாள் இடுப்பில் கயிறு இல்லாமல் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் முன்னால் வந்தார். கயிற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நானாக்கும் அடைச்சேன்" என்றார். "யாரும் அவிழ்க்கப்படாது."

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெளியே பெண்களும் முனகிக்கொண்டே கலைந்தார்கள்.

ஆனால் தொட்டி காலியாக வேண்டும். அடுத்த சுமைத் துணி தைத்துத் தயாராக இருந்தது. தீபாவளிச் சரக்கு. மாஸ்டர் தொட்டிப் பக்கம் போனார். பிறகு என்னைப் பார்த்து, பின்பக்கம் கையைக் காட்டினார்.

நான் மடையைத் திறந்தேன். கஞ்சித் தொட்டித் தண்ணீர் ஓடையில் இறங்கி, நல்லேப்பிள்ளி வயல்களைப் பார்த்துப் போயிற்று. அதில் சாயம் இல்லாததால் யாரும் மண்வெட்டியோடு வரவில்லை.